பெருவண்டிக் கையறுநிலை

சிங்கப்பூரில் லாரிக்கு மூப்பு இல்லை. இறப்பு மட்டுமே உண்டு. இருபதாம் ஆண்டின் கடைசி நாள் வந்ததும் அதன் பதிவு நீங்குகிறது. எஞ்சின் இன்னும் ஒரே உதையில் எழுகிறதா, அடிச்சட்டம் துருவேறாமல் நிற்கிறதா என்று அந்நாளில் எவரும் கேட்பதில்லை. 1990 மே மாதத்தில் தொடங்கிய சிஓஇ முறை ஒவ்வொரு வண்டிக்கும் பத்தாண்டு உரிமையை ஏலத்தில் விற்கிறது. சரக்கு வண்டிக்காரர் பணம் கட்டி அதை நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் 20 ஆண்டு என்னும் எல்லைக்கல்லைத் தாண்ட முடியாது. அதன்பின் உடைக்கும் களம். இல்லையேல் வேறு நாட்டுக்குக் கப்பல். காருக்காவது 35 வயது கடந்தால் பழம்பெருமை பாராட்ட ஒரு திட்டம் வகுத்திருக்கிறார்கள். செல்வர் வீட்டு முற்றத்தில் துணிபோட்டு மூடப்பட்டு, ஆண்டில் சில நாள் வெயில் காணும் பேறு அதற்கு உண்டு. சுமை சுமந்ததற்கு அந்தப் பேறு இல்லை.

மன்னன் மாய்ந்தபோது அவனைப் பாடித் திரிந்தோர் செயலற்று நின்று புலம்புவதைக் கையறுநிலை என்றது தமிழ். இரும்புக்கும் ரப்பருக்கும் அந்தத் துறையை நீட்டலாமா என்று புலவர் எவரேனும் புருவம் உயர்த்தலாம். உயர்த்தட்டும். பாரியின் பறம்புமலை வீழ்ந்த பின் கபிலர் பாடிய கையறுநிலைப் பாட்டொன்றில், அவன் மகளிர் இருவர் குப்பைமேட்டில் ஏறி நிற்கிறார்கள். ஒருகாலத்தில் தம் தந்தையின் மலையை முற்றுகையிட்ட வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், இப்போது உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போவதை எண்ணுகிறார்கள். தமிழின் மாபெரும் புலம்பலுக்கு நடுவே நெடுந்தொலைவுச் சரக்கு வண்டிகள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே இத்துறைக்கும் வண்டிக்கும் உறவு இன்று நேற்று வந்ததன்று. ஒளவையும் அதியமான் மகன் எழினியை, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு ஒப்பிட்டாள். மேடும் பள்ளமும் எங்கே அச்சை முறிக்கும் என்று யாரறிவார்? அந்த அச்சத்தை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்து, மாற்று ஒன்றை அடியில் கட்டிக்கொண்டு போன மரபு நம்முடையது. பின்னாளில் லாரியின் வயிற்றடியில் தொங்கிய ஸ்பேர் டயர் அதன் பேரப்பிள்ளை.

இத்தீவிலும் சரக்கின் முதற்சக்கரம் மரத்தால் ஆனது. சிராங்கூன் சாலையின் இருமருங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுக்கொட்டில்களாக இருந்தன. ரொச்சோர் ஆற்று நீரும் தாழ்நிலத்துப் புல்லும் மாட்டு வணிகத்தை அங்கே நிலைநிறுத்தின. பெலிலியோஸ் என்னும் மாட்டு வணிகரின் பெயர் இன்றும் ஒரு தெருவுக்கு இருக்கிறது, பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் பக்கத்திலேயே கிடக்கின்றன. துறைமுகத்திலிருந்து நகருக்குப் பொதி இழுத்த மாட்டுவண்டிகளின் நுகத்தடியருகே அமர்ந்திருந்தவர்களில் பலர் தமிழர். 1881-இல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயிலின் முன்னே அவர்களுடைய காளைகள் நின்று மூச்சு வாங்கியிருக்கும். அவர்கள் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லை. மாடு போனது, கொட்டில் போனது. ஓட்டியவன் மட்டும் நுகத்தை விட்டுச் சுக்கானைப் பிடித்தான்.

அவன் பிடித்த சுக்கான் எத்தகையது! பெட்ஃபோர்ட், ஆஸ்டின், கமர், ஆல்பியன் என்று பிரிட்டிஷ் பட்டறைகளில் வார்த்த முகங்கள் முதலில் மலாயாவின் சாலைகளை ஆண்டன. புக்கிட் தீமாவில் 1941 அக்டோபரில் ஃபோர்டு தொழிற்சாலை திறந்தது. தென்கிழக்கு ஆசியாவில் கார் பூட்டிய முதல் ஆலை அது. நான்கு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று, அதே கட்டடத்தில்தான் பிரிட்டிஷார் சரண் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஜப்பானியப் படைக்கு நிசான் அங்கே வண்டி பூட்டியது. போர் முடிந்தபின் ஃபோர்டு திரும்பி வந்து 1980 வரை இருந்தது. இன்று அது அருங்காட்சியகம். சரண் எழுதிய அறையைப் பார்க்க மாணவர் வரிசையில் நிற்கிறார்கள்; அங்கிருந்து உருண்டு போன சக்கரங்களை நினைக்க அங்கே ஆளில்லை.

அந்த வண்டிகளுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. சுமையேற்றி நிற்கும் லாரியைச் சந்தில் திருப்புவதென்றால் தோள்பட்டை முதல் இடுப்புவரை உடம்பு முழுதும் சுக்கானுக்குள் இறங்க வேண்டும். கியர் மாற்றுவது தனிவித்தை. கிளட்சை மிதித்து, கியரை நடுவுக்கு இழுத்து, கிளட்சை விட்டு, எஞ்சினை ஒருமுறை உறும வைத்து, மறுபடி மிதித்துக் கீழ்க்கியருக்குத் தள்ள வேண்டும். உறுமல் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு அலறும். அந்த அலறல் கேட்டால் சாலையோரக் காப்பிக்கடையில் அமர்ந்திருக்கும் பழைய ஓட்டுநர்கள் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய அவமானம் தொழிலில் இல்லை. வேகமானி பார்த்துக் கியர் போட்டவன் கிடையாது. காதால் போட்டான். எஞ்சின் எந்தச் சுருதியில் முனகினால் வால்வு தளர்ந்திருக்கிறது, எந்த இருமல் டீசலில் நீர் கலந்ததைச் சொல்கிறது, பின்சக்கரத்திலிருந்து வரும் வாடை பிரேக் லைனிங்குடையதா, எண்ணெய் கசிந்து சூடேறியதா என்பதெல்லாம் அவனுடைய செவியிலும் மூக்கிலும் எழுதப்பட்டிருந்தன. எந்த நூலகத்திலும் இல்லாத அந்த ஏட்டை அவன் தன்னோடே கொண்டுபோய்விட்டான்.

கயிற்றை மறக்கக் கூடாது. மரப்பலகை அடைத்த தட்டில் அரிசிமூட்டையும் ரப்பர்ப் பாளமும் அன்னாசியும் ஏறும். மேலே தார்ப்பாய். அதன்மேல் கயிறு. கயிற்றைக் கொக்கியில் மாட்டி, மேலே வீசி, மறுபுறம் இறக்கி, ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் இழுத்து, ஒற்றைக்கால் டயரில் ஊன்றித் தொங்கி இறுக்கும் முடிச்சைக் கற்றுக்கொள்ளக் கிளீனர் பையனுக்கு மாதக்கணக்காகும். கற்கும் காலத்தில் அவனுக்குச் சுக்கான் கனவில் மட்டும். முடிச்சு தளர்ந்திருந்தால் ஓட்டுநர் திட்டமாட்டார். அவிழ்த்துவிட்டு அப்பால் போய் நிற்பார். மறுபடி கட்ட வேண்டும். இருபது மைலுக்கு ஒருமுறை இறங்கி உள்ளங்கையால் கயிற்றைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். இறுகிய கயிறு ஒரு நாதம் சொல்லும், நெகிழ்ந்தது வேறொன்று சொல்லும். சரக்கு எவனுடையதோ. இலாபம் எவனுக்கோ. வழியில் ஒரு மூட்டை சரிந்தால் அது தன் மானம் சரிந்ததாக எண்ணிய மனிதர்கள் இருந்தார்கள் என்று இன்று சொன்னால் நம்புவோர் குறைவு.

வடதிசைப் பயணம் 1924-இல் முறையாகத் திறந்த ஜொகூர்ப் பாலத்தில் தொடங்கும். ஓராயிரம் மீட்டரைச் சற்றே தாண்டிய அந்தக் கற்சாலையை 1942 ஜனவரி கடைசி நாளில் வெடிவைத்துப் பிளந்தார்கள். பிளவு அடைபட்டது, லாரி மீண்டும் போனது. ஜொகூர் பாரு, கூலாய், ஆயர் ஹீத்தாம், யோங் பெங், லாபிஸ், சிகாமட், கிம்மாஸ், தம்பின், சிரம்பான். ஊர்ப்பெயர்களை வரிசை மாறாமல் சொல்லும் ஓட்டுநருக்கு அவை சாப்பாட்டுக்கடைகளின் வரிசை. எந்த வளைவில் செம்பனைத் தோட்டத்துப் பனி இறங்கும், எந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரை நம்ப வேண்டும் என்பதன் வரிசை. இரட்டைத்தடம் அல்லாத அச்சாலையில் ஒரு லாரி பழுதாகி ஓரத்தில் நின்றால், அடுத்து வரும் லாரி நிற்கும். சீனனா, மலாய்க்காரனா, தமிழனா என்ற கேள்வி எழாது. ஜாக்கி கைமாறும். பாதித் தண்ணீர்க்குடுவை கைமாறும். நிற்காமல் போனவனின் வண்டி எண் அடுத்த காப்பிக்கடையை அவனுக்கு முன்னரே சென்றடையும். 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தபோது சிகாமட்டும் கிம்மாஸும் கண்ணாடிக்கு வெளியே கூடத் தெரியாமல் போயின. இப்போது பழுதான வண்டியைக் கடப்பவன் நிற்பதில்லை. நிற்கவும் கூடாது, விதி. சுங்கச்சாலைக்காரரின் உதவி வண்டி வரும். அதுவே முறை என்று அறிவு ஒப்புகிறது. மனம் மட்டும் ஜாக்கியைத் தேடுகிறது.

பழைய ஓட்டுநர் தொழிலின் ஆணிவேர் அறுந்த நாளையும் சொல்லலாம். 1972 ஜூன் 23. தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்தில் எம்.வி. நிஹோன் என்னும் கப்பல் வந்து அணைந்தது. பெட்டிகளோடு வந்த முதல் கப்பல். நகரம் செழித்தது அந்தப் பெட்டியால்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெட்டிக்குக் கயிறு வேண்டாம். நான்கு மூலையிலும் ஒரு பூட்டு திரும்பினால் போதும். உள்ளே இருப்பது அரிசியா, ரேடியோவா என்று ஓட்டுநர் அறிய வேண்டியதில்லை. முத்திரை உடையாமல் இருந்தால் அவர் பொறுப்பு முடிந்தது. தார்ப்பாயின் கீழிருந்து வரும் மிளகு வாசனையில் மழை வருவதை அறிந்த மூக்குக்கு, மூடிய இரும்பில் வேலை என்ன? 1983-இல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்து தொங்கான் படகுகள் அகற்றப்பட்டன. படித்துறையில் மூட்டை மாற்றிய தோள்களும் அவற்றோடு கலைந்தன. 1997-இல் துறைமுக வாயில்கள் தாமே இயங்கத் தொடங்கின. வண்டி எண்ணையும் பெட்டி எண்ணையும் கருவி படித்து, எங்கே இறக்க வேண்டும் என்பதைச் சொல்லி, 25 வினாடியில் உள்ளே விட்டது. அதுவரை அங்கே ஒரு எழுத்தர் இருந்தார். அவரோடு மழை, கால்பந்து, மகளின் தேர்வு குறித்து இரண்டு வார்த்தை உண்டு. 25 வினாடிக்குள் மகள் அடங்கவில்லை.

அந்தத் தஞ்சோங் பகாரும் 2017-இல் ஓய்ந்தது. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பர் முதல் நாள் முறையாகத் திறந்தது. 2040-களில் முழுமையுறும்போது ஆண்டுக்கு ஆறரைக் கோடிப் பெட்டிகளைக் கையாளும் என்கிறார்கள். கரைக்கும் அடுக்குமுற்றத்துக்கும் இடையே அங்கே பெட்டி சுமப்பவை மின்கலத்தில் ஓடும் ஆளில்லா வண்டிகள். அவற்றுக்கு ஓட்டுநர் அறையே கிடையாது. கண்ணாடியில் தொங்கும் முருகன் படத்துக்கு இடமில்லை, ஆயுத பூசைக்கு எலுமிச்சை நசுக்கினால் நன்றி சொல்ல ஆளில்லை. அவை தூங்குவதில்லை, தவறுவதும் அரிது. அவற்றின்மேல் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஏ, டீசல் மணக்கும் பழைய உறவே! உன்னை யார் வென்றார் என்று கேட்டால், இந்த ஒலியற்ற தட்டுகளைக் காட்டவும் கூசுகிறது. இவை உன்னோடு பொரவே இல்லை. நீ போனபின் வந்து நின்றவை.

இந்த இடத்தில் புலம்பலைச் சற்றே நிறுத்துகிறேன். இறந்தோரின் குற்றத்தைச் சொல்லாத புலம்பல் பாதிப் பொய். ஜாலான் புசாரின் காப்பிக்கடைகளில் இன்றும் கேட்கும் வழக்கு ஒன்று உண்டு. மூத்தோர் சொல்வர்: இக்காலத்து ஓட்டுநனுக்குப் பானெட்டைத் திறக்கத் தெரியாது, விளக்கு எரிந்தால் கம்பெனிக்குப் போன் போடுகிறான், கயிறு கட்டத் தெரியாது, இன்னொருவனுக்காக நிற்கத் தெரியாது. இளையோர் திருப்பிக் கேட்பர்: உங்கள் காலத்தில் அனுமதித்த எடைக்கு மேல் எவ்வளவு ஏற்றினீர்கள்? தூக்கம் கலையாதிருக்க எதை விழுங்கினீர்கள்? பாதி ராத்திரியில் எந்தக் கள்ளுக்கடையில் நிறுத்தினீர்கள்? நான் இளையோர் பக்கம். மூத்தோரின் கைவேலைக்குத் தலைவணங்குகிறேன். அவர்கள் கணக்குப்புத்தகத்துக்கு அன்று. அந்த எஞ்சின் கக்கிய கரும்புகையைச் சுவாசித்தவை சிராங்கூன் சாலையில் பூத்தொடுத்த பெண்களின் நுரையீரல்கள். 2018-இலிருந்து புதிய டீசல் வண்டிக்கு யூரோ 6 தரம் கட்டாயம். பன்னிரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாமல் தடுக்கும் கருவியைச் சுமக்க வேண்டும். குழந்தையோடு சாலை கடப்பவளிடம் பழைய பெட்ஃபோர்டு வேண்டுமா என்று கேட்டால் விடை என்னவென்று நமக்குத் தெரியும். இருபது ஆண்டுச் சட்டம் கொடியதன்று. அது காற்றுக்கு இரங்கிய சட்டம்.

எனில் என் கை ஏன் அற்றது? பழையவற்றில் எதை மாய்க்க வேண்டுமோ அதை மாய்க்காமல் விட்டதனால்.

பழைய லாரியோடு வந்த வழக்கம் ஒன்று இருக்கிறது. நகராண்மைக் கழகமும் பொதுப்பணித் துறையும் கூலிகளை வேலைக்களத்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து நீண்டுவரும் வழக்கம்: சரக்குத் தட்டில் மனிதரை ஏற்றுவது. பெட்ஃபோர்டு போயிற்று, வழக்கம் இசுசுவுக்கு மாறியது. இசுசு இருபது வயதில் உடைக்கும் களம் சேர்ந்தது, வழக்கம் புதிய இசுசுவில் ஏறி அமர்ந்தது. விடியலில் துவாஸ், கிராஞ்சி, மண்டாய் விடுதிகளின் வாயிலில் நின்று பாருங்கள். புதுக்கோட்டையும் சிவகங்கையும் தஞ்சையும் பெற்ற மக்கள், வங்காளதேசத்துத் தோழர்களோடு முதுகைப் பக்கச்சட்டத்தில் சாய்த்து, முழங்காலை மடக்கி, மதியச் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துத் தூங்கியபடி போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டு ஓரத்தில் அவர்களை இறக்கி, இரவில் ஏற்றுவதிலும் லாரிகளுக்குப் பங்குண்டு. முன்னே ஓட்டுநர் அறையில் இருப்பவருக்கு இருக்கைவார் கட்டாயம். பின்னே இருப்பவருக்கு வாரே இல்லை. ஒரே வண்டி, ஒரே வேகம், ஒரே பிரேக்.

நகரம் இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நான் பொய்யன். ஆளேற்றும் லாரிக்குக் கூரையும் உயர்ந்த பக்கக்கம்பியும் வேண்டும் என்பது 2011-இல் நடைமுறைக்கு வந்தது. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் தொழிலாளர் வந்த லாரி நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இருவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 2023 முதல் மழைத்திரை வேண்டும், ஓட்டுநர் கண் அயராமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு துணை வேண்டும், களத்திலும் உழைத்து வண்டியும் ஓட்டுபவருக்கு இடையே ஓய்வு வேண்டும் என்ற விதிகள் வந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் பல குழுக்கள் ஒன்றுகூடி இவ்வழக்கத்தையே ஒழிக்கக் கேட்டன. தொழிற்சங்கங்கள் அல்ல, முதலாளிகளின் வணிகச் சங்கங்கள் எழுந்து இயலாது என்றன. அரசும் அதையே சொன்னது: சிறுநிறுவனங்கள் தாங்கமாட்டா, வீடும் ரயில்பாதையும் தாமதமாகும், செலவு கூடும். அந்தக் கணக்கு பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்யும் லாரியை இருபது ஆண்டில் உடைத்துப் புதிது வாங்கவும் கணக்கு இடம்கொடுக்காது என்றுதான் முதலாளி அன்றும் சொல்லியிருப்பார். சட்டம் கேட்கவில்லை. முதலாளியும் சாகவில்லை.

இரும்புக்கு ஆயுள் எழுதத் தெரிந்த கை, வழக்கத்துக்கு ஆயுள் எழுத நடுங்குகிறது. முதலாவதற்கு நான் அழுது தீர்த்துவிட்டேன். இரண்டாவதற்குக் கண்ணீர் இல்லை. அவ்வழக்கம் மாயும் நாளில் கையறுநிலை பாட எவரும் வேண்டாம். பதிவு நீக்கச் சீட்டு ஒன்று போதும்.

அந்த லாரிகளை ஓட்டுபவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் அவரும் ஒரு தொழிலாளிதான். பகலில் கம்பி வளைத்தவர், மாலையில் சுக்கான் பிடிக்கிறார். உரிமத்தில் வகுப்பு 3 அல்லது 4 இருக்கும். 2025 செப்டம்பரிலிருந்து கனரக வண்டி ஓட்டும் பணியும் இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வருவோருக்குத் திறந்திருக்கிறது. ஆகவே நுகத்தடிக்குப் பக்கத்தில் தொடங்கிய வரிசையில் தமிழ்நாட்டார் இன்னொருமுறை வந்து சேர்வார்கள். இன்றைய ஓட்டுநருக்கு முடிச்சு தெரியாது, இரட்டைக் கிளட்ச் தெரியாது. கியர் தானே மாறிக்கொள்கிறது. ஆனால் கிளம்புமுன் இறங்கிப் பின்னால் போகிறார். தட்டின் அடைப்புக் கொண்டி விழுந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்க்கிறார். “கால உள்ள இழுத்துக்குங்கண்ணே, கடைசில இருக்கவங்க கம்பியப் புடிங்க” என்கிறார். மேம்பாலத்து வளைவில் முன்னே இடம் இருந்தும் வேகம் கூட்டுவதில்லை. பின்வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், அடிக்கட்டும் என்று விடுகிறார். பின்னால் தூங்குகிறவர்களில் இருவர் அவருடைய அறைக்காரர்கள். ஒருவர் அவர் ஊர்க்காரர். சென்ற மாதம் தம் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தேக்காவில் இவரோடு வரிசையில் நின்றவர்.